துணிவு: அச்சம் உள்ள இடத்தில் எடுக்கப்படும் முடிவு

ஓடும் ரயிலின் படியில் தொங்கியபடி கைப்பேசியில் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும் இளைஞனைப் பார்த்து, ‘எவ்வளவு தைரியம்!’ என்று ஒருவர் வியக்கிறார். அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லப்படும் முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘தைரியமாக இருங்கள் பெரியப்பா’ என்று தம்பி மகன் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்களுக்கு மறுமொழி சொன்ன பெண்ணிடம், ‘உனக்கு இவ்வளவு துணிச்சலா?’ என்ற கேள்வி பாய்கிறது. அதே நாளில், பொய்க்கணக்கு ஒன்றில் கையெழுத்திட மறுத்துவிட்டு, அடுத்த மாதச் சம்பளம் கைக்கு வருமா என்ற கலக்கத்தோடு வீடு திரும்பும் கணக்கரை, அவருடைய உறவினர்களே ‘பிழைக்கத் தெரியாதவர்’ என்கிறார்கள். இந்த நால்வரில் ஐயமின்றித் துணிவுள்ளவர் என்று சொல்லத்தக்கவர் அந்தக் கணக்கர். ஆனால் அந்தச் சொல் அவர் ஒருவருக்குத்தான் கிடைக்கவில்லை.

ஒரு சொல்லை எல்லோரும் நாள்தோறும் பயன்படுத்தும்போது, அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும் என்று எண்ணிவிடுகிறோம். துணிவைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தீங்கு விளைவிக்கிறது. அச்சம் தோன்றியதாலேயே தன்னைக் கோழை என்று முடிவுகட்டிக்கொள்ளும் மாணவர்களும், அச்சம் தோன்றாததாலேயே தன்னை வீரன் என்று நம்பி உயிரைப் பணயம் வைக்கும் இளைஞர்களும் இந்தக் குழப்பத்தின் விளைவுகள். எனவே சொல்லிலிருந்து தொடங்கி, உடலுக்குள் நடப்பது வரை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

## சொல்லின் வேர்

‘துணி’ என்னும் வினைக்கு முதற்பொருள் அறுத்தல், வெட்டுதல் என்பதாகும். நீண்ட நெசவிலிருந்து அறுத்து எடுக்கப்படுவதால்தான் நாம் உடுத்துவதும் துணி. ‘துணித்தான்’ என்றால் வெட்டினான் என்று பொருள். மனத்துக்குள் இப்படியா அப்படியா என்று நீண்டுகொண்டே போகும் எண்ணத்தை ஓர் இடத்தில் அறுத்து நிறுத்தி, ‘இதுதான்’ என்று முடிவு செய்வதே துணிவு. நூல்களில் முடிந்த கருத்தைத் ‘துணிபு’ என்று குறிப்பதும் இதனால்தான்.

இந்தப் பொருளுக்கு நம் இலக்கண மரபிலேயே அழகான சான்று ஒன்று உண்டு. அகப்பொருள் இலக்கணத்தில் தலைவன் தலைவியை முதன்முதலில் காணும் நிலைகளைக் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிதல் என்று வரிசைப்படுத்துவார்கள். இவள் தெய்வமகளோ மானுட மகளோ என்று தலைவன் மயங்குவது ஐயம். கண் இமைப்பதையும் சூடிய பூ வாடியிருப்பதையும் கண்டு, மானுட மகளே என்று தெளிவது துணிவு. அங்கே போரும் இல்லை, ஆபத்தும் இல்லை. ஐயத்துக்கு அடுத்த படியாக வரும் முடிவுக்கே அந்தப் பெயர். ‘எண்ணித் துணிக கருமம்’ என்று வள்ளுவர் சொல்லும்போதும், செயலில் இறங்குவதற்கு முன் எண்ணி முடிவெடுக்க வேண்டும் என்பதே பொருள். எண்ணாமல் பாய்வதற்கு அந்தக் குறள் துணிவு என்று பெயர் கொடுக்கவில்லை.

தைரியம் வேறு திசையிலிருந்து வந்த சொல். வடமொழியில் ‘தீர’ என்பதற்கு உறுதியான, நிலைகுலையாத என்று பொருள். அந்தத் தன்மையே ‘தைர்ய’. ஆகவே தைரியத்தின் மூலப்பொருள் பாய்வது அன்று, நிலைத்து நிற்பது. நோயாளியிடமும் துக்க வீட்டிலும் ‘தைரியமாக இருங்கள்’ என்று நாம் சொல்வது பொருந்துவது இதனால்தான். அங்கே யாரையும் எதன் மீதும் பாயச் சொல்லவில்லை, குலையாமல் இருக்கவே சொல்கிறோம். வீரம் என்பது பெரும்பாலும் களத்தில் வெளிப்படும் ஆற்றலைக் குறிக்கிறது. துணிச்சல் என்ற சொல்லோ, சொல்பவரின் குரலைப் பொறுத்துப் பாராட்டாகவும் இருக்கும், வசையாகவும் இருக்கும். தொல்காப்பியம் பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டைச் சொல்லும்போது, அது பிறக்கும் இடங்களாகக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்ற நான்கைத் தருகிறது. தறுகண் என்பது அஞ்சாமை. அதைக் கல்வியோடும் கொடையோடும் ஒரே வரிசையில் வைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

இதுவரை கண்டதைச் சுருக்கினால்: துணிவு என்பது முடிவின் பெயர், தைரியம் என்பது நிலைகுலையாமையின் பெயர். இரண்டுமே ‘அச்சம் இல்லாத உணர்ச்சி’ என்ற பொருளில் பிறந்த சொற்கள் அல்ல.

## இளங்கன்றும் கிணறும்

‘இளங்கன்று பயமறியாது’ என்ற பழமொழியை நாம் பாதிப் பாராட்டாகவும் பாதி எச்சரிக்கையாகவும் சொல்கிறோம். அந்தப் பாதிப் பாதியில்தான் முக்கியமான வேறுபாடு அடங்கியிருக்கிறது.

கிராமத்துப் பாசனக் கிணறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக் குழந்தை அதன் விளிம்பை நோக்கி ஓடுகிறது. குழந்தைக்கு அச்சமே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குத்தான் அடிவயிறு கலங்குகிறது. அதே கிணற்றின் மேட்டில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நிற்கிறாள். முதுகில் சுரைக்குடுக்கை கட்டியிருக்கிறது, கீழே தண்ணீரில் தாய்மாமன் கைகளை விரித்தபடி மிதக்கிறார். ஆழம் எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும், கால்கள் நடுங்குகின்றன, இருமுறை பின்வாங்குகிறாள், மூன்றாம் முறை குதிக்கிறாள். இருவரில் யாரைத் துணிவுள்ளவர் என்போம்? குழந்தையை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏனெனில் குழந்தைக்கு ஆபத்து தெரியவில்லை. தெரியாத ஆபத்தை ஒருவர் எதிர்கொள்ள முடியாது, அதில் தற்செயலாக விழத்தான் முடியும்.

இந்த வேறுபாட்டை மருத்துவ உலகம் ஒரே ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மிகத் தெளிவாகக் கண்டது. அமெரிக்காவில் வாழும் அவரை ஆய்வாளர்கள் எஸ்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே குறிப்பிடுகிறார்கள். மிக அரிதான மரபணு நோய் ஒன்றால், அவருடைய மூளையின் இருபுறமும் உள்ள அமிக்டலா என்னும் பகுதி சிதைந்துவிட்டது. அமிக்டலா என்பது பாதாம் பருப்பு வடிவில் அமைந்த, ஆபத்தைக் கண்டவுடன் எச்சரிக்கை எழுப்பும் பகுதி. அவரை ஆய்வாளர்கள் பாம்புகளை விற்கும் கடைக்கு அழைத்துச் சென்றபோது, அவர் அஞ்சவில்லை. ஆர்வத்தோடு பாம்பைக் கையில் வாங்கித் தடவினார். ஒருமுறை இரவில் பூங்கா அருகே ஒருவன் அவருடைய கழுத்தில் கத்தியை வைத்து மிரட்டியிருக்கிறான். மறுநாளும் அவர் அதே இடத்தின் வழியாக நடந்து சென்றார். இந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது.

எஸ்.எம். நல்ல மனம் படைத்தவர் என்பதிலோ, பல இன்னல்களைக் கடந்தவர் என்பதிலோ ஐயமில்லை. ஆனால் பாம்பைத் தொட்டது துணிவு அன்று, அச்சமின்மை. கேட்கவே கேட்காத எச்சரிக்கை மணியை மீறிச் செல்வதாகச் சொல்ல முடியாது அல்லவா? எச்சரிக்கை இல்லாததால் அவர் மற்றவர்களைவிட அதிக ஆபத்துகளில் சிக்கினார் என்பதே உண்மை. அச்சம் நம்மைக் காக்க வந்த காவலாள். அவன் இல்லாத வீடு பாதுகாப்பான வீடு ஆகாது.

## உடலுக்குள் நடப்பது

அச்சம் எழும்போது நமக்கு என்ன நேர்கிறது? கண்ணோ காதோ தந்த செய்தியை அமிக்டலா ஆபத்து என்று மதிப்பிட்டதும், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகளுக்குக் கட்டளை போகிறது. அவை அட்ரினலின் என்னும் வேதிப்பொருளைக் குருதியில் கலக்கின்றன. உடலைச் சில நொடிகளில் ஓட்டத்துக்கோ சண்டைக்கோ ஆயத்தப்படுத்துவது அதன் வேலை. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, செரிமானம் தடைப்பட்டு வயிற்றைக் கலக்குகிறது. ‘ஈரக்குலை நடுங்கியது’ என்று நம் முன்னோர் சொன்னது வெறும் அணி அன்று. உடல் உண்மையிலேயே அப்படித்தான் நடந்துகொள்கிறது. இவையனைத்தும் நம் ஒப்புதலைக் கேட்காமல் நடப்பவை. ஆகவே அஞ்சியதற்காக ஒருவரைக் குறை சொல்வது, வெயிலில் வியர்த்ததற்காகக் குறை சொல்வதைப் போன்றது.

நம் ஒப்புதல் தேவைப்படும் இடம் அடுத்த படி. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை, எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டு, ‘ஓடுவதா, நிற்பதா, நெருங்குவதா’ என்று எடைபோடுகிறது. இந்தக் கட்டத்தை இஸ்ரேல் நாட்டின் வைஸ்மான் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் நேரடியாகவே படம் பிடித்தார்கள். பாம்புக்கு அஞ்சுபவர்களை மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தார்கள். நகரும் பட்டை ஒன்றின் மேல் உயிருள்ள, நஞ்சற்ற பாம்பு வைக்கப்பட்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் அது தலைக்கு அருகே வரும். மற்றொன்றை அழுத்தினால் விலகிப் போகும். அச்சம் இருந்தபோதும் பாம்பை அருகே வரவழைத்த தருணங்களில், முன்மூளையின் நடுவே ஆழத்தில் உள்ள ஒரு சிறு பகுதி மிகுந்த செயற்பாட்டைக் காட்டியது. அச்சத்துக்குப் பணிந்து பாம்பை விலக்கிய தருணங்களில் அந்தச் செயற்பாடு குறைந்தது.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. பாம்பை நெருங்க வைத்தவர்களிடம் அச்சம் மறைந்துவிடவில்லை. சிலர் ‘மிகவும் பயமாக இருக்கிறது’ என்று சொன்னார்கள், ஆனால் அவர்களுடைய தோலின் வியர்வை அளவு அமைதியைக் காட்டியது. சிலருக்கு உடல் பதறியது, ஆனால் மனத்தில் உணர்ந்த அச்சம் குறைவாக இருந்தது. மனமும் உடலும் ஒருசேர உச்சத்தில் பதறியபோதுதான் பெரும்பாலும் பின்வாங்கல் நடந்தது. இரண்டில் ஒன்று சற்றுத் தணிந்தாலே செயலுக்கு இடம் கிடைத்துவிடுகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். ‘மூச்சை இழுத்துவிடு’ என்று பாட்டிகள் சொல்வதற்குப் பின்னால் உள்ள பயனும் ஏறக்குறைய இதுவே.

சுருக்கமாக: எச்சரிக்கை எழுப்புவது ஒரு பகுதி, முடிவெடுப்பது வேறொரு பகுதி. துணிவு இரண்டாம் பகுதியின் வேலை. முதற்பகுதியை அணைப்பது அன்று.

## குருட்டுத் துணிச்சல் எங்கே பிரிகிறது

அச்சத்தை மீறிச் செயல்படுவதெல்லாம் துணிவா என்றால், இல்லை. ரயில் படியில் தொங்கிய இளைஞனுக்கும் உள்ளுக்குள் அச்சம் இருந்திருக்கலாம். அவன் அதை மீறியும் இருக்கலாம். அவனிடம் இல்லாதது, அந்த ஆபத்துக்கு ஈடான நோக்கம். நான்கு பேருடைய வியப்பு ஒரு தட்டிலும் உயிர் மறுதட்டிலும் வைக்கப்படும்போது, தராசு பார்க்கப்படவே இல்லை என்று பொருள். அதே ரயில் நிலையத்தில், தண்டவாளத்தில் விழுந்த குழந்தையைத் தூக்குவதற்காகக் கீழே குதிப்பவரும் உயிரைத்தான் பணயம் வைக்கிறார். ஆனால் அவருடைய தராசில் இன்னோர் உயிர் இருக்கிறது.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் துணிவைக் கோழைத்தனத்துக்கும் முரட்டுத்துணிச்சலுக்கும் நடுவே வைத்தார். அஞ்சத்தக்கதைத் தக்க அளவில், தக்க நேரத்தில், தக்க காரணத்துக்காக எதிர்கொள்வதே துணிவு என்பது அவருடைய விளக்கம். அவரை அறியாத வள்ளுவரும் இதே இடத்துக்கு வருகிறார்:

‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை அஞ்சுவது
அஞ்சல் அறிவார் தொழில்.’

இந்தக் குறள் ‘அறிவுடைமை’ என்னும் அதிகாரத்தில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். எதற்கு அஞ்ச வேண்டும் என்று தெரிவது அறிவின் பகுதி. அறுந்து தொங்கும் மின்கம்பியைத் தொடாதவரைக் கோழை என்று சொல்வது அறியாமை.

மது அருந்திய பின் வரும் ‘தைரியம்’ பற்றியும் ஒரு சொல். மது அச்சத்தை வெல்ல உதவுவதில்லை; ஆபத்தை எடைபோடும் திறனை மழுங்கச் செய்கிறது. மூன்று வயதுக் குழந்தையின் நிலைக்கு அது ஒருவரைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே.

தீய நோக்கத்துக்காக ஆபத்தை ஏற்பவனைத் துணிவுள்ளவன் என்று சொல்லலாமா என்ற கேள்வி பழையது, இன்றும் தீராதது. கொள்ளையனுக்கும் நெஞ்சழுத்தம் வேண்டும்தானே என்பார்கள். நெஞ்சழுத்தம் என்ற சொல்லை அவனுக்குக் கொடுக்கலாம். துணிவு என்ற சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இது என் முடிவு. மாற்றுக் கருத்துள்ளவர்கள் உண்டு.

## அவைக்கு அஞ்சுதல்

உடலுக்கு வரும் ஆபத்தைவிட, நாலு பேர் முன்னால் தனித்து நிற்பதே பலருக்குக் கொடிது. ‘பகைவரிடையே சாகத் துணிபவர் பலர், அவையில் அஞ்சாமல் பேசுபவர் அரியர்’ என்ற கருத்தை வள்ளுவர் 723-ஆம் குறளில் வைத்திருக்கிறார். அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார் என்றால், இந்த அச்சத்தின் வலிமையை அவர் அறிந்திருந்தார் என்று பொருள்.

1968-இல் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் நியூயார்க்கில் ஒரு சோதனை நடத்தினார்கள். படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் மாணவரின் அறைக்குள் சுவர்த்துளை வழியே புகை வரத் தொடங்கும். மாணவர் தனியாக இருந்தபோது, நூற்றுக்கு 75 பேர் எழுந்து சென்று தெரிவித்தார்கள். புகையைக் கண்டுகொள்ளாமல் இருக்குமாறு முன்பே சொல்லி வைக்கப்பட்ட இருவர் உடன் இருந்தபோது, நூற்றுக்கு 10 பேர் மட்டுமே தெரிவித்தார்கள். மற்றவர்களின் அமைதியைக் கண்டு ஆபத்தில்லை என்று எண்ணியது ஒரு காரணம். தான் மட்டும் பதறினால் நகைப்புக்கு இடமாகுமோ என்ற தயக்கம் மற்றொன்று. இந்தத் தயக்கத்தை மீறி, சரி என்று தோன்றியதைச் செய்வதற்கு அறத்துணிவு என்று பெயர். பணயம் வைக்கப்படுவது உடல் அன்று. நற்பெயர், நட்பு, வேலை, உறவு.

அறத்துணிவுக்கு நான் தரும் எடுத்துக்காட்டு, புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்ற அவர், சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் உறுப்பினர். 1927-இல், சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டு வந்தார். அவையில் பெண் அவர் ஒருவரே. சமயத்தின் பெயராலும் கலையின் பெயராலும் எதிர்ப்பு எழுந்தது; தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் தங்கள் வாழ்வாதாரம் போகும் என்று அஞ்சி எதிர்த்து மனு எழுதினார்கள். அவருடைய தாய் சந்திரம்மாள் அந்த மரபில் பிறந்தவர். அவையில் இதைப் பேசினால் தன் குடும்பத்தின் கதையும் ஊரார் வாயில் விழும் என்பதை முத்துலட்சுமி அறியாமல் இருந்திருக்க முடியாது. முழுத் தடைச்சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. இருபது ஆண்டுகள் ஒரே முடிவில் நிற்பதற்குத் தேவைப்பட்டது, மேலே சொன்ன இரண்டு சொற்களின் பொருளும்தான்: முடிவெடுக்கத் துணிவு, குலையாதிருக்கத் தைரியம்.

அறத்துணிவைப் பற்றி இன்னொரு செய்தியும் தெரிந்துகொள்ளத்தக்கது. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தைப் பற்றி ஒரு குழுவே வேண்டுமென்று தவறான விடை சொன்னபோது, பலர் தம் கண்ணையே மறுத்துக் குழுவோடு சேர்ந்துகொண்டார்கள். ஆனால் குழுவில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னாலும், அந்தப் பணிவு பெருமளவு குறைந்துவிட்டது. தனித்து நிற்பவருக்குத் தேவைப்படுவது பெரும்படை அன்று. ‘நானும் அப்படித்தான் நினைக்கிறேன்’ என்று சொல்லும் இன்னொரு குரல்.

## பயிற்சியும் சுரைக்குடுக்கையும்

துணிவு பிறவியிலேயே வருவது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளர், வட அயர்லாந்தில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்த பிரிட்டிஷ் படைவீரர்களை ஆராய்ந்தபோது கண்டது வேறு. அவர்கள் அச்சமே அறியாத தனிப் பிறவிகள் அல்லர். பயிற்சியை முடித்த புதியவர்களின் தன்னம்பிக்கை, உண்மையான குண்டைத் தொடுவதற்கு முன்பே, களம் கண்டவர்களின் தன்னம்பிக்கையை ஏறத்தாழ எட்டியிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரியும்போது, நெஞ்சின் படபடப்பு முடிவைக் கெடுப்பதில்லை. அச்சத்தோடே செயலைத் தொடர்வதுதான் துணிவு என்பது ராக்மனின் வரையறை. அச்சமின்மையை அவர் அதிலிருந்து தனியே பிரித்து வைத்தார்.

கிணற்றடிச் சிறுமிக்குத் திரும்புவோம். சுரைக்குடுக்கையும், கீழே நிற்கும் மாமனும், முதலில் கடைசிப் படியிலிருந்து, பிறகு நடுப்படியிலிருந்து, இறுதியில் மேட்டிலிருந்து என்ற ஏற்பாடும் ஊர்க்காரர்கள் வகுத்த பாடத்திட்டம். அஞ்சுவதைச் சிறுசிறு அளவில், பாதுகாப்போடு, மீண்டும் மீண்டும் சந்திக்க வைத்தால் அமிக்டலாவின் கூச்சல் தணிகிறது. உளவியலாளர்கள் இதைப் படிப்படியான எதிர்கொள்ளல் என்கிறார்கள். ‘பயப்படாதே’ என்று மேட்டில் நின்று அதட்டித் தள்ளிவிடும் முறையும் சில ஊர்களில் உண்டு. அப்படித் தள்ளப்பட்டவர்களில் சிலர் பிறகு தண்ணீர்ப் பக்கமே போவதில்லை. விலக விலக அச்சம் வளர்கிறது.

## ‘தைரியமாக இருங்கள்’

அறுவைச் சிகிச்சைக்குச் சென்ற பெரியப்பாவை மறக்கவில்லை. அவரிடம் சொல்லப்பட்ட அந்தச் சொற்களில் அன்பு இருக்கிறது. ஆனால் அஞ்சக் கூடாது என்ற கட்டளையும் கலந்துவிடுகிறது. அதனால், அஞ்சுபவர் தம் அச்சத்தை மறைக்க வேண்டிய இரண்டாவது சுமையையும் சேர்த்துத் தூக்குகிறார். மயக்க மருந்து எப்போது கொடுப்பார்கள், எவ்வளவு நேரமாகும், கண் விழிக்கும்போது வெளியே யார் நிற்பார்கள் என்று சொல்வது, அதே அன்பை அவருக்குப் பயன்படும் வடிவில் தருகிறது. தெரியாதது குறையும்போது உடலின் பதற்றமும் சற்றுக் குறைகிறது. பாம்புச் சோதனையில் கண்டதைப் போல, அந்தச் சற்றே போதும்.

பெரியப்பா அதற்கு முந்தைய மாலையிலேயே ஒப்புதல் படிவத்தைப் படித்திருப்பார். என்னென்ன நேரலாம் என்று அதில் அச்சிட்டிருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மகனிடம் பேனாவை வாங்கி, கோணல்மாணலாக விழுந்த எழுத்துகளில் அவர் கையெழுத்திட்டிருப்பார்.